டை போட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால்: உங்கள் கேள்விகளுக்கு ஒரு டெக்னீஷியனின் பதில்கள்

கேள்வி: அக்கா, அம்மாவுக்குத் தலையில் சாதா எம்.ஆர்.ஐ. எடுத்தோம். இப்போது டை போட்டு மறுபடியும் எடுக்கச் சொல்கிறார்கள். காசுக்காகவா?

பதில்: அப்படி நினைக்காதீர்கள். மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. கட்டியோ கிருமித் தொற்றோ வந்த இடத்தில் அது கசியும். நரம்பில் ஊசியாக ஏற்றும் மருந்துதான் டை. அதில் இருக்கும் கடோலினியம் என்ற உலோகம் அந்தக் கசிவு வழியே போய்த் தங்க, படத்தில் அந்த இடம் வெள்ளையாகப் பளிச்சிடும். கட்டி எங்கே முடிகிறது என்ற ஓரம் தெரியும். ஆபரேஷன் செய்பவருக்கு அந்த ஓரம் வேண்டும். முழங்கால் ஜவ்வு, இடுப்பு டிஸ்க் மாதிரியானவற்றுக்குப் பெரும்பாலும் டை தேவைப்படாது. எதற்காக என்று டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

கேள்வி: சி.டி. டை போட்டபோது எனக்கு உடம்பெல்லாம் தடித்தது. இதுவும் ஆகாதா?

பதில்: அதில் அயோடின், இதில் கடோலினியம், இரண்டும் வேறு. ஆனாலும் ஸ்கேனுக்கு முன் நிரப்பித் தரும் பாரத்தில் எழுதுங்கள். முன்பு எம்.ஆர்.ஐ. டைக்கே அலர்ஜி வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: மேடம், அப்பா டயாலிசிஸில் இருக்கிறார். போடலாமா?

பதில்: இதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும். கடோலினியம் தனியாக இருந்தால் நஞ்சு. அதனால் ஒரு மூலக்கூறுக் கூண்டுக்குள் அடைத்துத் தருகிறார்கள். கிட்னி நன்றாக இருந்தால் ஒரு நாளில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். கிட்னி கெட்டவர் உடம்பில் அது நாள்கணக்கில் சுற்றும். பழைய திறந்த வகைக் கூண்டு அதற்குள் கடோலினியத்தை வெளியே விட்டுவிடும். தோல் மரக்கட்டையாய் இறுகி, மூட்டு மடங்காமல் போகும் நோய் அப்படி வந்ததுதான். 1997-இல் முதலில் கவனித்தார்கள், 2006-இல்தான் டையோடு முடிச்சுப் போட்டார்கள்.

இப்போதைய வளைய வகைக் கூண்டு இறுக்கமானது. அந்த ஆபத்து மிக மிகக் குறைவு. அவசியமென்றால் அதைப் போட்டு, டயாலிசிஸையும் அன்றே வைத்துக்கொள்வார்கள்.

ஒருமுறை ஒரு பெரியவர், கிட்னியில் ஒன்றுமில்லை என்று வீட்டார் எழுதித் தந்திருந்தார்கள். நரம்பு தேடி இடக்கையைப் பிடித்தேன். முழங்கைக்குக் கீழே புடைப்பு. விரலடியில் பூனை உறுமுவதுபோல் அதிர்வு. டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா! ஊசியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். தயவுசெய்து கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு வாருங்கள்.

கேள்வி: டை மூளையில் தங்கிவிடுமாமே?

பதில்: கொஞ்சம் தங்குகிறது, உண்மைதான். 2014-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். திறந்த வகையில் அதிகம், வளைய வகையில் குறைவு. 2017-இல் ஐரோப்பிய மருந்து முகமை, நரம்பில் போடும் திறந்த வகைகளில் கல்லீரல் ஸ்கேனுக்கானவை தவிர மற்றவற்றை நிறுத்தச் சொன்னது. மூளையில் தங்குவதால் கெடுதல் என்று இதுவரை நிரூபணமில்லை. ஆனாலும் அடிக்கடி ஸ்கேன் எடுப்பவர்கள், என்ன டை என்று பெயரைக் குறித்து வையுங்கள்.

கேள்வி: கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன், அக்கா.

பதில்: கொடுங்கம்மா, நிறுத்த வேண்டாம். பாலில் சேர்வது மிகச் சொற்பம். கர்ப்பம் என்றால் வேறு கதை. தவிர்க்கவே முடியாதபோதுதான் டை.

கேள்வி: போடும்போது எப்படி இருக்கும்?

பதில்: கையில் சில்லென்று ஏறும். சிலருக்கு வாயில் இரும்பு ருசி, லேசான குமட்டல்; ஓரிரு நிமிடத்தில் அடங்கும். உடம்பு அரித்தாலோ, மூச்சு முட்டினாலோ, தொண்டை இறுகினாலோ ஸ்கேன் முடியட்டும் என்று பொறுக்காதீர்கள். கையில் கொடுத்திருக்கும் ரப்பர் பல்பை உடனே அழுத்துங்கள், ஓடி வருவோம்.