கறைக்கு ஹார்ட் பிரஷ் போதுமா?

கேள்வி: சின்ன வயசிலிருந்தே என் முன்பற்களில் பழுப்புக் கறை. ஒரு வருடமாக ஹார்ட் பிரஷ் வாங்கி அழுத்தித் தேய்க்கிறேன். கறை போகவில்லை, பல் கூசுகிறது. என் 4 வயதுப் பையனுக்கும் கறை வந்துவிடக் கூடாதென்று அதே மாதிரி பிரஷ்ஷில்தான் தேய்த்துவிடுகிறேன். இதைவிட நல்ல பிரஷ் எதுங்க?
— வாசகி, பென்னாகரம்

பதில்: முதலில் அந்த இரண்டு பிரஷ்ஷையும் இன்றைக்கே தூக்கிப் போடுங்கள், அம்மா. பையனுடையதை முதலில்.

உங்கள் ஊரையும், சின்ன வயசிலிருந்தே இருக்கிறது என்பதையும் வைத்துப் பார்த்தால், அது தேய்த்துப் போகிற அழுக்காகத் தெரியவில்லை. தருமபுரிப் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு என்கிற உப்பு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அது குடிக்க ஆகாத தண்ணீர். பல் ஈறுக்குள் உருவாகும் வயதில் அதைக் குடித்து வளர்ந்தால் எனாமல், அதாவது பல்லின் வெளிப்பூச்சு, சரியாகக் கெட்டிப்படாது. முளைத்த பிறகு பழுப்பேறும். எனாமலுக்குள்ளேயே இருக்கிற கறையை எந்த பிரஷ்ஷால் எடுக்க முடியும்? நீங்கள் ஒரு வருடமாகத் தேய்த்தது ஈறையும் பல்லின் கழுத்தையும்தான். கூச்சம் அதனால் வந்திருக்கலாம். கீழிறங்கிய ஈறு தானாக ஏறாது, தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. பல் மருத்துவரிடம் காட்டுங்கள். லேசான கறையை அவர் மேலாகத் தேய்த்து எடுப்பார். ஆழமானதைப் பல் நிறத்தில் பூசி மறைப்பார்.

பையன் விஷயம்தான் எனக்கு அதைவிட முக்கியம். அவனுடைய நிரந்தரப் பற்கள் இப்போதுதான் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. கடைவாய்ப் பற்கள் தயாராக இன்னும் நாலு வருடம் ஆகும். அதுவரை அவனைக் காப்பாற்றப்போவது தண்ணீர். குடிக்க மட்டுமில்லை, சோறு வடிக்கவும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரையே எடுங்கள். 2013-இல் அந்தத் திட்டம் வந்ததே இந்த ஃபுளோரைடு பாதிப்புக்காகத்தான். போர் தண்ணீரைக் காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் வற்றும், ஃபுளோரைடு அப்படியே தங்கும். சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துப் பரிசோதியுங்கள்.

சரி, பிரஷ். அட்டையில் 'சாஃப்ட்' என்று போட்டிருக்க வேண்டும், தலை சின்னதாக இருக்க வேண்டும். விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். தினமும் பல்லில் படிவது மெத்தென்ற படலம்; அதை எடுக்க மெத்தென்ற நாரே போதும். ஈறோரம் சாய்த்து வைத்து, காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம் மெதுவாகச் சுற்றித் தேயுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். மூன்றே வாரத்தில் நார் விரிந்துவிட்டால் இன்னும் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

பையனுக்குக் குழந்தைகள் பிரஷ். பேஸ்ட் பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம்; விழுங்காமல் துப்பச் சொல்லிக் கொடுங்கள். பல பேஸ்ட்டுகளிலும் ஃபுளோரைடு உண்டு; அதனால் எந்தப் பேஸ்ட் என்பதை, உங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லி மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.