பத்ரிக்கும் முக்திநாத்துக்கும் அப்பா, அம்மாவை அனுப்பலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது; பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தோம். அம்மாவுக்கு 66. மூட்டுவலி தவிர வேறு தொந்தரவு இல்லை. போன மாதம் பார்த்ததில் ரத்தம் 9 கிராம் என்றார்கள். இந்த உலகில் சேவிக்கக்கூடிய 106 திவ்ய தேசங்களில் அப்பாவுக்கு மீதமிருப்பவை மூன்றுதான்: ஜோஷிமட்டில் உள்ள திருப்பிரிதி, பத்ரி, சாளக்கிராமம் என்கிற முக்திநாத். முன்பு ஒருமுறை தேவப்பிரயாகை வரை போய், மண்சரிவால் திரும்பிவிட்டார். இந்தச் செப்டம்பர் கடைசியில் ஒரு குழுவோடு போகவேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். “மாதாமாதம் அழகர்மலை ஏறுகிறவனுக்கு இமயமலை என்ன பெரிது?” என்கிறார். முக்திநாத்தில் 108 தாரைகளிலும் நனையாமல் வரமாட்டாராம். பயணத் திட்டத்தை இணைத்திருக்கிறேன். அனுப்பலாமா, டாக்டர்?
(வாசகி, திருமங்கலம்)

பதில்: அனுப்பலாம், அம்மா. ஆனால் இருவரும் இப்போது இருக்கும் நிலையில் அனுப்பக்கூடாது. நீங்கள் இணைத்திருக்கும் இந்தத் திட்டப்படியும் அனுப்பக்கூடாது. செப்டம்பர் கடைசிக்கு இன்னும் நான்கு மாதங்களுக்கு மேல் இருப்பது நல்லதாகப் போயிற்று. அவ்வளவும் தேவைப்படும்.

உங்கள் கடிதம் முழுக்க அப்பாதான் இருக்கிறார். அம்மாவைப் பற்றி ஒன்றிரண்டு வரிகள்தான். எனக்குக் கவலை தந்தவை அந்த வரிகளே.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் 21 சதவீதம்தான். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வரும் ஆக்சிஜன் குறைகிறது. மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பத்ரிநாத் 3,100 மீட்டருக்கும் மேலே. முக்திநாத் 3,700 மீட்டருக்கும் மேலே. முக்திநாத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், இங்கே கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். அதைச் சுமந்துகொண்டு உடல் முழுக்கச் செல்வது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். பெண்களுக்கு அது 12 கிராமாவது இருக்கவேண்டும். 9 கிராமோடு மேலே போனால் சரக்கும் குறைவு, சரக்கை ஏற்றும் வண்டியும் குறைவு. இதயம்தான் இரட்டிப்பாக உழைத்து அந்தக் குறையை ஈடுகட்டவேண்டியிருக்கும்.

மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ரத்தம் குறைந்தால் ஏன் குறைந்தது என்று கண்டுபிடித்தே ஆகவேண்டும். டானிக் வாங்கிக் கொடுத்து விட்டுவிடக்கூடாது. மூட்டுவலிக்கு அம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. மெடிக்கல் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் வலிமாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கும் அம்மாக்களை நம் ஊரில் தினமும் பார்க்கிறேன். அவை இரைப்பையைப் புண்ணாக்கி, வெளியே தெரியாமல் ரத்தத்தைக் கசியவிடும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அந்த மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். இரும்புச்சத்து, பி12, தைராய்டு, மலத்தில் ரத்தக் கசிவு ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பியும் செய்யவேண்டியிருக்கும். இரும்புச்சத்துக் குறைதான் காரணம் என்றால் மாத்திரையிலேயே இரண்டு மாதத்தில் நன்றாக ஏறிவிடும். அதன் பிறகும் சில மாதங்கள் தொடரவேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை காபியோடு விழுங்கினால் உடலில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாறோடு கொடுங்கள்.

இனி அப்பா. ஸ்டென்ட் வைத்து நான்கு ஆண்டுகள் ஆகி, நெஞ்சுவலி எதுவும் இல்லாமல் மலையும் ஏறுகிறார் என்றால், ஸ்டென்ட் ஒன்றை மட்டும் காரணம் காட்டி நான் தடுக்கமாட்டேன். எக்கோவும் டிரெட்மில்லும் செய்து, ஸ்டென்ட் வைத்த மருத்துவரே பார்த்துச் சம்மதிக்கவேண்டும். கூடவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, விழித்திரை இவற்றையும் பார்க்கவேண்டும். சான்றிதழில் கையெழுத்து மட்டும் கேட்டு வராதீர்கள். அவரை நேரில் அழைத்துவந்து காட்டுங்கள். ஆறு மாதத்துக்குள் மாரடைப்பு வந்தவர்கள், நான்கு படி ஏறினால் நெஞ்சு இறுகுபவர்கள், கால் வீங்கும் அளவுக்கு இதயம் தளர்ந்தவர்கள், வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் நுரையீரல் நோயாளிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஆகியோரை எந்தக் குழுவோடும் அனுப்பக்கூடாது. அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அழகர்மலை ஏறுவது நல்ல பழக்கம்; அதை விடவேண்டாம். கள்ளழகரைச் சேவித்துவிட்டு, பஸ்ஸில் ஏறாமல் பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கை வரை நடக்கட்டும். பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று கூடப் போய்ப் பாருங்கள். அம்மாவுக்கு மூட்டு தாங்காது என்றால் சமதரையில் காலை, மாலை அரைமணி நேரம் நடந்தால் போதும். ஆனால் கால் வலிமை வேறு, உயரம் வேறு. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோய் வயதையோ உடற்பயிற்சியையோ பார்த்து வருவதில்லை. உடம்பில் தெம்பிருக்கிறது என்று வேகமாக ஏறும் இளைஞர்களுக்கும் அது வரும். அந்த உயரத்துக்கு மதுரைப் பக்கத்தில் ஒத்திகை பார்க்க வழியில்லை. நெருங்கி வருவது கொடைக்கானல், சுமார் 2,100 மீட்டர். ஆகஸ்டில் இருவரையும் அங்கே இரண்டு இரவு தங்கவைத்து, குறிஞ்சி ஆண்டவர் கோயில் வரை மெதுவாக நடக்கவிடுங்கள். தூக்கம், பிரஷர், சர்க்கரை எப்படி இருக்கின்றன என்று குறித்து வாருங்கள். அங்கேயே மூச்சு வாங்கினால், மேலே போவதைப் பற்றி மறுபடி பேசவேண்டும்.

இப்போது பயணத் திட்டம். இதில் விலையையும் சாப்பாட்டையும் எல்லோரும் பார்க்கிறார்கள்; நான் பார்ப்பது ஒவ்வொரு நாளும் எந்த உயரத்தில் தூங்குகிறார்கள் என்பதைத்தான். நீங்கள் அனுப்பிய திட்டத்தில் ரிஷிகேஷில் ஓர் இரவு, மறுநாள் இரவே பத்ரி. ஜோஷிமட்டில் போகிற போக்கில் ஒரு மணி நேரம். ரிஷிகேஷ் 400 மீட்டர்கூட இல்லை. ஒரே நாளில் 3,100 மீட்டர் உயரத்துக்கு ஏறித் தூங்கச் சொல்வது இந்த வயதுக்கு அநியாயம். ஜோஷிமட் சுமார் 1,900 மீட்டர். அங்கே நரசிம்மரைச் சேவிக்காமல் அப்பா நகரப்போவதில்லை. அப்படியென்றால் இரண்டு இரவு அங்கேயே தங்கட்டும். பெருமாள் சேவையும் நிதானமாக நடக்கும், உடம்பும் பழகிக்கொள்ளும். பிறகு பத்ரியில் ஓர் இரவு போதும்.

முக்திநாத் பகுதி இன்னும் மோசம். பொக்காரா 800 மீட்டர் சொச்சம். அங்கிருந்து காலையில் விமானம் ஏறினால் அரைமணிக்குள் 2,700 மீட்டரில் உள்ள ஜோம்சோம். உடனே ஜீப், மதியம் முக்திநாத், இரவும் முக்திநாத் அடிவாரத்திலேயே தங்கல் என்று போட்டிருக்கிறார்கள். இதை மாற்றச் சொல்லுங்கள். முதல் நாள் ஜோம்சோமில் இறங்கி அங்கேயே தூங்கவேண்டும். மறுநாள் காலை முக்திநாத் போய்ச் சேவித்துவிட்டு இரவுக்கு ஜோம்சோமுக்கே இறங்கிவிடவேண்டும். கூடுதலாக ஒரு நாளும் கையில் வைத்திருக்கவேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் மதியத்துக்கு மேல் காற்று பலமாக அடிப்பதால் விமானங்கள் காலையில்தான் பறக்கின்றன, அடிக்கடி ரத்தும் ஆகின்றன. தவறிய நாளைப் பிடிக்க ஓடும்போதுதான் விபரீதம் நடக்கும். பத்ரியில் பழகிய உடம்பு முக்திநாத்துக்கு உதவும் என்று நம்பவேண்டாம். நடுவில் சமவெளிக்கு இறங்கிச் சில நாட்கள் கழிந்தால் பழக்கம் போய்விடும். என்னைக் கேட்டால் இந்த ஆண்டு திருப்பிரிதியும் பத்ரியும், அடுத்த ஆண்டு முக்திநாத் என்று பிரித்துப் போவதுதான் நல்லது.

மேலே போன 6 முதல் 12 மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி வரலாம். அன்று அதற்கு மேல் ஏறாமல் இருந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், இளஞ்சிவப்பான நுரைச் சளி ஆகியவை வந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். தள்ளாடுவது, பேச்சு குழறுவது, பெயர் மறப்பது வந்தால் மூளை வீங்குகிறது. குதிகாலையும் விரலையும் ஒட்டவைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். வழக்கமாக நடப்பவர் அப்போது தடுமாறினால் உடனே கீழே இறக்கவேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. ஆக்சிஜன் இருந்தால் கொடுத்துக்கொண்டே இறக்குங்கள். இறங்குவதுதான் மருந்து.

இதில் பெரிய தடை நம் பெரியவர்களின் மனசு. “என்னால் மற்றவர்களுக்குச் சேவை தவறக்கூடாது” என்று தலைவலியை மறைப்பார்கள். சாப்பிடாததற்கு விரதம் என்பார்கள். பத்ரி வாசல் வரை வந்து திரும்புவது அபசகுனம் என்று நினைத்து, மூச்சு முட்டினாலும் போர்வைக்குள் படுத்துக்கொள்வார்கள். ஆகவே கிளம்பும் முன்பே உங்கள் வாயால் அப்பாவிடம் சொல்லுங்கள்: “பாதியில் இறங்கினாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான், அடுத்த வருஷம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.” குழுவில் வயதில் இளைய ஒருவரிடம் காலையும் இரவும் இருவரையும் கேட்டுப் பார்க்கும் பொறுப்பைக் கொடுங்கள். முடிந்தால் நீங்களே கூடப் போங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 88 என்று காட்டியதும் பதறவேண்டாம். அந்த உயரத்தில் நல்ல உடம்புக்கே 85 முதல் 90 வரைதான் காட்டும். ஆளைப் பாருங்கள், எண்ணை அதன் பிறகு பாருங்கள்.

கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்ந்தால் ஆக்சிஜன் ஏறும் என்று உங்கள் குழுவிலும் யாராவது சொல்வார்கள். மூக்கில் குளிர்ச்சி தெரியும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு துளியும் ஏறாது. கையடக்க ஆக்சிஜன் கேனும் சில நிமிடங்களுக்குத்தான். அவற்றை நம்பி மேலே உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அசிட்டசோலமைடு என்ற மாத்திரை மலைநோயைத் தடுக்க உதவும். வழக்கமாக 125 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஒத்துவராமல் போகலாம். அப்பாவின் கிரியேட்டினினைப் பார்க்காமல் நான் எழுதமாட்டேன். நீங்களும் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். எழுதிக் கொடுத்தால் கொடைக்கானலிலேயே ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்கட்டும். தூக்கமாத்திரை மேலே கூடவே கூடாது. இரவில் மூச்சை இன்னும் மந்தமாக்கும்.

சர்க்கரைக்கான மாத்திரையைப் போட்டுவிட்டு ஏகாதசி என்று பட்டினி கிடந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். அதன் படபடப்பும் மயக்கமும் மலைநோய் போலவே தெரியும். பயணத்தில் விரதம் வேண்டாம் என்று அவர் மதிக்கும் பெரியவர் ஒருவரை விட்டே சொல்லச் செய்யுங்கள். குளிரில் குளுக்கோமீட்டர் சரியாக வேலை செய்யாது, இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும். சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளவேண்டும். பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு நீர்மாத்திரையை விடுவதும், தண்ணீரே குடிக்காமல் இருப்பதும் பலரின் வழக்கம். ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கடைசியாக, நீராட்டம். பத்ரியில் தப்த குண்டம் என்ற வெந்நீர் ஊற்று கை வைத்தாலே சுடும். பல ஆண்டு சர்க்கரையில் பாதம் மரத்துப்போனவருக்கு அந்தச் சூடு தெரியாது. வெந்த பிறகுதான் தோல் உரிவது தெரியும். அப்பா முதலில் முழங்கையை நனைத்துப் பார்க்கட்டும். அல்லது அம்மா பார்த்துச் சொல்லட்டும். செருப்பு இல்லாத இடங்களில் கம்பளிக் காலுறை அணியலாம். முக்திநாத் அதற்கு நேர்மாறு. கோயிலுக்குப் பின்னால் பசுமுகங்களிலிருந்து கொட்டும் 108 தாரைகளும் பனி உருகிய நீர். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து மூச்சிரைக்க ஏறிவந்த கையோடு அதில் தலையைக் கொடுத்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கும், பிரஷர் எகிறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஸ்டென்ட் வைத்த 71 வயதுக்காரர் அதைச் செய்யக்கூடாது. ஈர வேட்டியோடு காற்றில் நிற்பதும் கூடாது. மேலே போக குதிரை கிடைக்கும். ஒவ்வொரு தாரையிலும் விரலை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டு வரட்டும். ஆசாரத்தில் இப்படித் தெளித்துக்கொள்ளும் புரோட்சணத்துக்கு இடமுண்டு என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

முன்பணத்தை இப்போது கட்டவேண்டாம். அம்மாவின் ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டட்டும், இதய மருத்துவர் சம்மதிக்கட்டும், குழு நடத்துபவர்கள் இரவுத் தங்கல்களை மாற்றித் திட்டத்தை எழுத்தில் தரட்டும், பிறகு கட்டுங்கள். மாற்றமாட்டோம் என்று சொன்னால் வேறு குழுவைப் பாருங்கள். இருவருக்கும் ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளை ஆகஸ்டுக்குள் போட்டுவிடுங்கள். ஹெலிகாப்டரில் இறக்கும் செலவையும், 3,800 மீட்டர் உயரத்தையும் ஏற்கும் காப்பீடா என்று பாலிசியைப் படித்துப் பார்த்து எடுங்கள். அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு உங்கள் குடும்ப மருத்துவரைப் பாருங்கள்.