பேராதனையும் காமன் கூத்தும்

அன்புள்ள ஐயா,

நான் ஹட்டனுக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வசிக்கிறேன். உயர்தரப் பரீட்சையில் கலைப் பிரிவில் சித்தியடைந்திருக்கிறேன். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் என்னுடைய இசற் புள்ளிக்குப் பேராதனைக் கலைப்பீடம் கிடைக்கும் என்று ஆசிரியர் சொல்கிறார். கொழும்பில் கடை வைத்திருக்கும் சித்தப்பாவோ, கலைப் பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியில் நிற்பதைக் காட்டி, தனியார் நிறுவனம் ஒன்றில் முகாமைத்துவப் பட்டம் படிக்கத் தானே பணம் கட்டுவதாகச் சொல்கிறார். புதிய மாணவர்களை மூத்தவர்கள் வதைக்கும் பகிடிவதையை நினைத்து அம்மாவுக்குப் பயம். எனக்கு ஆங்கிலமும் குறைவு. அரச பல்கலைக்கழகத்துக்குப் போனால் எனக்கு உண்மையில் என்னதான் கிடைக்கும்? அப்பாவிடம் கேட்டால் சிரிக்கிறார். மாசி மாதம் வந்தால், சிவன் காமனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்தில் காமனின் மனைவி ரதியாக வேடம் கட்டி ஆடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர் அவர். பள்ளிக்கூடத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வி.

அன்புள்ள மகள்,

உங்கள் கடிதம் பத்து நாட்களாக என் மேசையில் கிடக்கிறது. கேள்விக்குப் பதில் எழுத அரை மணி நேரம் போதும். அந்தக் கடைசி இரண்டு வரிகள்தான் என்னை எழுதவிடாமல் வைத்திருந்தன. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

ஆங்கிலத்தைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். முதல் வருடத்தில் அதற்கென வகுப்பு உண்டு; ஒழுங்காகப் போனால் போதும். வேலையைப் பற்றிச் சித்தப்பா சொல்வதில் பொய்யில்லை, ஆனால் முகாமைத்துவம் படித்தவர்கள் எல்லோரும் நாற்காலியில் அமர்ந்துவிட்டார்கள் என்றும் அவர் சொல்லவில்லை. அம்மாவின் பயம் நியாயமானது. பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். அதைப் பாரம்பரியம் என்று அழைப்பவர்களுக்கு நீங்கள் எந்த மரியாதையும் காட்ட வேண்டியதில்லை, முறையிட்டுவிடுங்கள்.

பணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் என்று வகுக்கப்பட்டது. அதனால்தான் இன்றும் அங்கே கற்கைக் கட்டணம் இல்லை. 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசிலுக்கு லொத்தர்ச் சீட்டின் இலாபத்திலிருந்தும் பணம் போகிறது. ஆகவே, வாழ்நாள் முழுவதும் சீட்டு வாங்கியும் ஒருமுறைகூட விழாத ஏதோவொரு முச்சக்கர வண்டிச் சாரதியின் காசில் நீங்கள் சோறு தின்னப் போகிறீர்கள். ஆனால் அந்த 1945ஆம் ஆண்டு உங்கள் தோட்டத்துக்கு வரவேயில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். பேராதனையில் கட்டடங்கள் எழும்பிய காலத்தில் இந்த நாட்டின் ஏற்றுமதி வருமானத்துக்கு முதுகெலும்பாக இருந்தது தேயிலை. அதைக் கொய்தவர்களின் குடியுரிமையோ 1948ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போயிற்று. உங்கள் பாட்டிக்கும் பூட்டிக்கும் வரவேண்டிய கடன் அந்த வளாகத்தில் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அந்த இடத்தை யாரோ இரங்கிக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள்.

இப்போது அந்தக் கடைசி வரிகள். "வேறொன்றும் தெரியாத மனிதர்" என்று எழுத உங்கள் கை எப்படித் துணிந்தது? காமன் நட்ட நாளிலிருந்து தகனம் வரைக்கும், தப்பு முழங்கும் காமன் பொட்டலில், குளிரில், பகல் முழுதும் மலையில் வேலை செய்த உடம்போடு ஒரு மனிதர் பெண்ணாக மாறி அழுது ஆடுகிறார். அவரது நெஞ்சில் எத்தனை பாட்டு இருக்கிறது என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? மிகவும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி என் மீதே வந்த கோபம் என்பதைப் புரிந்துகொள்ளத்தான் பத்து நாட்கள் ஆயின.

நான் மட்டக்களப்பின் படுவான்கரையைச் சேர்ந்தவன். என் தாய்மாமன் வடமோடிக் கூத்தில் பெயர்போன ஆட்டக்காரர். 1979இல் நான் பேராதனைக்குப் போனபோது, என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம் மாமா கமக்காரர் என்று மட்டும் சொன்னேன். விடுதியில் என் அறைத் தோழன் மாத்தறையைச் சேர்ந்த சிங்களவன். ஒருநாள் இரவு, மழை பெய்து ஹந்தானை மலையே தெரியாமல் மூடியிருந்தபோது, அவன் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரவின் 'மனமே' நாடகத்திலிருந்து ஒரு பாட்டைக் கட்டிலில் தாளம் தட்டிக்கொண்டு பாடினான். சொல் ஒன்றும் எனக்கு விளங்கவில்லை, தாளம் விளங்கியது. என் மாமாவின் கால் சதங்கையும் கூத்துப் பழக்கும் எங்கள் அண்ணாவியாரின் மத்தளமும் அந்தக் கட்டிலின் பலகையில் கேட்டன. இது எங்கள் ஊருடையது என்று சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பாடிக்காட்டு என்றான். எனக்கு ஒரு வரிகூடத் தெரியவில்லை.

மறுநாள் நூலகத்துக்குப் போனேன். இலங்கையில் அச்சாகும் நூல்களைச் சட்டப்படி பெறும் நூலகங்களில் அதுவும் ஒன்று. தேடினால் எதுவும் அகப்படும். 1956இல் மேடையேறிய 'மனமே' நாடகம் 'நாடகம' என்ற எந்தச் சிங்களக் கூத்து மரபிலிருந்து எழுந்ததோ, அந்த மரபுக்கே தமிழ்க் கூத்தோடு உறவு உண்டு என்று அங்கேதான் படித்தேன். சரச்சந்திர செய்ததைக் கண்ட தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியாரை வரவழைத்து மாணவர்களை ஆடப் பழக்கினார் என்பதையும், விடிய விடிய ஆடும் கூத்தை ஓரிரு மணி நேரத்துக்குள் அடக்கி 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என்று மேடையேற்றினார் என்பதையும், அந்த இராவணனாக ஆடிய மாணவர் மட்டக்களப்பைச் சேர்ந்த மௌனகுரு என்பதையும் அங்கேதான் அறிந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது வித்தியானந்தன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகிவிட்டார். அவரிடம் ஒரு வகுப்புக்கூட நான் கேட்டதில்லை. இருந்தும், என் ஊரில் நான் வெட்கப்பட்டு மறைத்த ஒன்றை அவர் எனக்கு முன்பே அங்கே கொண்டுவந்து, மரியாதையோடு எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த விடுமுறைக்கு ஊருக்குப் போய் மாமாவின் முன்னால் ஒரு கொப்பியோடு உட்கார்ந்தேன். அவர் என்னை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "படிக்கப் போனவனுக்கு இது என்னத்துக்கு?" என்று கேட்டார். பிறகு மூன்று இரவுகள் பாடினார். எழுத எழுதக் கை வலித்தது. அடுத்த விடுமுறைக்கு நான் போனபோது அவர் இல்லை. அந்தக் கொப்பியில் முடிவடையாத ஒரு தரு, அதாவது கூத்துப் பாட்டு, இருக்கிறது. அதன் மிச்சத்தை அறிந்தவர் எவரையும் இதுவரை நான் சந்திக்கவில்லை.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் பாடங்களின் பெயரும் இடங்களின் எண்ணிக்கையும் இருக்கும். கட்டிலில் தாளம் தட்டும் மாத்தறைக்காரன் இருக்க மாட்டான். சித்தப்பா கட்டும் பணத்தில் நல்ல வகுப்பறை கிடைக்கலாம், குளிரூட்டியும் இருக்கலாம். ஆனால் வகுப்பு முடிந்ததும் எல்லோரும் பஸ் ஏறி வீட்டுக்குப் போகும் இடத்தில், வேறு மொழி பேசும் ஒருவரோடு ஒரே அறையில், மழை விடும் வரைக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்க எவருக்கு நேரம் வாய்க்கும்? தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. உங்களுக்குக் கிடைக்கும்போது அதைக் கடையில் சாமான் வாங்குவதுபோல் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்களே என்பதுதான் என் ஆதங்கம்.

சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவானால் நான்காம் வருடத்தில் ஓர் ஆய்வேடு எழுத வேண்டியிருக்கும். அதற்குத் தலைப்புத் தேடி அலையும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டியதில்லை. ஆனால் நான்கு வருடம் காத்திருக்கவும் வேண்டாம். இன்று இரவு அப்பா வேலை முடித்து வந்ததும் தேநீர் ஊற்றிக் கொடுத்து, ரதி அழும் பாட்டின் முதல் வரி என்னவென்று கேளுங்கள். கையில் தொலைபேசி இருக்கும்; பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் மறுபடியும் சிரித்தால், சிரிப்பையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். சித்தப்பாவின் முகவரியை அனுப்பினால் அவருக்கு நான் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன்.