டெஸ்ட் முதலில், கோட் பிறகு: தமிழ் எண்களில் ஒரு பயிற்சி
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: டி.டி.டி. எனப்படும் டெஸ்ட் டிரிவன் டெவலப்மென்ட் பற்றி வகுப்பில் சொன்னார்கள். "சிவப்பு, பச்சை, ரீஃபாக்டர்" என்று மனப்பாடமாகச் சொல்ல வருகிறது. செய்ய உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பைத்தான் ஓரளவு தெரியும். சிறிய பயிற்சி ஒன்றைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?
– கல்லூரி மாணவி, சேலம்

பதில்: சிவப்பு என்றால் டெஸ்ட் தோற்றது, பச்சை என்றால் தேறியது, ரீஃபாக்டர் என்றால் விடை மாறாமல் கோட்டைச் சீராக்குவது. எண்ணைக் கொடுத்தால் அதைப் பழைய தமிழ் எண்குறியாக மாற்றித் தரும் ஃபங்ஷன் ஒன்றை எழுதுங்கள். விதி சின்னது, ஆனால் தடுக்கி விழ நிறைய இடம் இருக்கிறது. பயிற்சிக்கு வேண்டியது அதுதான்.

முதலில் விதி. 1 முதல் 9 வரை ௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக் குறிகள் உண்டு. அதனால் பழைய முறையில் பூஜ்யம் தேவைப்படவில்லை. 12 என்பது ௰௨, 20 என்பது ௨௰, 156 என்பது ௱௫௰௬, 3782 என்பது ௩௲௭௱௮௰௨. பத்து ஒன்றே ஒன்றானால் ௰ மட்டும் எழுதுவோம், முன்னால் ௧ போடுவதில்லை. நூறுக்கும் ஆயிரத்துக்கும் அப்படியே.

பைத்தானில் டெஸ்டுகளை ஓட்டும் கருவியான பைடெஸ்டை நிறுவிக்கொள்ளுங்கள். டெஸ்ட் ஃபைலின் பெயர் ஆங்கிலத்தில் 'டெஸ்ட்' என்று எழுதி அடிக்கோடு இட்டுத் தொடங்க வேண்டும், உள்ளே இருக்கும் டெஸ்ட் ஃபங்ஷன்களின் பெயரும் 'டெஸ்ட்' என்றே தொடங்க வேண்டும். தவறினால் பைடெஸ்ட் அவற்றைக் கண்டுகொள்ளாது, எந்த டெஸ்டும் ஓடவில்லை என்று சொல்லி முடித்துவிடும். சிவப்பு இல்லையே என்று அதைப் பச்சையாக எண்ணிக்கொள்ளக் கூடாது. மாற்றும் ஃபங்ஷனின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். இங்கே 'தமிழெண்' என்று வைத்துக்கொள்வோம்.

முதல் டெஸ்ட்: தமிழெண்(1) == "௧". ஃபங்ஷன் இன்னும் பிறக்கவே இல்லை, ஆனாலும் ஓட்டுங்கள். அந்தப் பெயரே இல்லை என்று பிழை வரும். வெறும் ஃபங்ஷனை எழுதி மறுபடி ஓட்டினால், "௧" வர வேண்டிய இடத்தில் 'நன்' (எதுவும் இல்லை என்று பொருள்) வந்ததாகக் காட்டும். இந்த இரண்டாவது சிவப்புதான் நமக்கு வேண்டிய சிவப்பு. டெஸ்ட் சரியான இடத்தைத்தான் தொடுகிறது என்பதற்கு அது சாட்சி. இப்போது கூச்சமே படாமல் "௧" என்று நேரடியாகத் திருப்பி அனுப்புங்கள். பச்சை.

இரண்டாவது: தமிழெண்(2) == "௨". இனி "௧" மட்டும் போதாது. குறிகள் = "௧௨௩௪௫௬௭௮௯" என்று வைத்துக்கொண்டு குறிகள்[எண் - 1] என்பதைத் திருப்புங்கள். பச்சை. மூன்றாவது: தமிழெண்(10) == "௰". எண் 10 ஆக இருந்தால் "௰" என்று ஒரு 'இஃப்' போட்டால் முடிந்தது.

நான்காவது டெஸ்டில்தான் இந்த முறையின் அருமை தெரியும்: தமிழெண்(11) == "௰௧". 'இஃப்' வரியைச் சற்று விரித்து, எண் 10 அல்லது அதற்கு மேல் என்றால் "௰" + தமிழெண்(எண் - 10) என்று எழுதத் தோன்றும். எழுதுங்கள். 11 பச்சையாகும், ஆனால் சற்றுமுன் பச்சையாக இருந்த 10 சிவப்பாகிவிடும். வந்த விடை "௰௯". காரணம்: 10-இல் 10 போக மீதி 0. 0 - 1 என்பது -1. பைத்தானில் -1 என்றால் கடைசி எழுத்து. பிழைச் செய்தி எதுவும் இல்லாமல், சத்தமின்றி ௯ வந்து ஒட்டிக்கொண்டது. 10-க்கு டெஸ்ட் எழுதாமல் 11-க்குத் தாவியிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது. குறிகளை லிஸ்டாக்கி, முதல் இடத்தில் வெற்றுச் சரம் வையுங்கள்: ["", "௧", "௨" …]. இனி குறிகள்[எண்] போதும், ஒன்றைக் கழிக்கும் வேலை இல்லை.

அடுத்தது 20. இப்போதைய கோட் "௰௰" என்று தரும். தமிழெண்(எண் // 10) + "௰" + தமிழெண்(எண் % 10) என்று மாற்றினால் (// ஈவைத் தரும், % மீதியைத் தரும்) 20 சரியாகும், ஆனால் 10-உம் 11-உம் "௧௰", "௧௰௧" என்று வந்து சிவக்கும். ஈவு 1 என்றால் முன்குறி வேண்டாம் என்ற விதியை எழுதும் நேரம் இதுதான். // என்ற இரட்டைக் கோட்டைக் கவனியுங்கள். ஒற்றை / போட்டால் பைத்தான் 2.0 என்ற தசம எண்ணைத் தரும், லிஸ்ட் அதை ஏற்காமல் பிழை காட்டும்.

100-க்கு டெஸ்ட் எழுதினால் "௰௰" என்று வரும். பத்துக்கு எழுதிய வரிகளை நகலெடுத்து நூறுக்கு மாற்றுங்கள். 1000-க்கும் அப்படியே. ஒரே உருவம் மூன்று முறை வந்துவிட்டது, எல்லாம் பச்சை: ரீஃபாக்டர் செய்ய இதைவிட நல்ல இடம் கிடையாது. (1000, "௲"), (100, "௱"), (10, "௰") என்று ஓர் அட்டவணை, அதன் மேல் ஒரு சுற்று. பெரியதிலிருந்து சிறியதாக வரிசை இருக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் 1000 என்பது "௰௰௰" ஆகும், டெஸ்ட் உடனே காட்டிக்கொடுக்கும். இந்தக் கட்டத்தில் புதிய டெஸ்ட் எதையும் சேர்க்காதீர்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால், சிவப்பு வரும்போது குற்றம் பழைய கோட்டிலா புதிய டெஸ்டிலா என்று தெரியாது.

கடைசியாக 0, -3. பழைய முறையில் இவற்றுக்குக் குறி இல்லை. ஆனால் நம் ஃபங்ஷன் -3-க்கு "௭" என்று தரும், காரணம் அதே எதிர்க்குறி இண்டெக்ஸ்தான். 'வேல்யூ எரர்' (தவறான மதிப்பு என்னும் பிழை) எழ வேண்டும் என்று டெஸ்ட் எழுதுங்கள். தடுப்பை அதே ஃபங்ஷனுக்குள் வைத்தால் 10, 20, 100 எல்லாம் சரிந்துவிடும், ஏனென்றால் உள்ளே அவை தம்மைத் தாமே 0 கொடுத்து அழைக்கின்றன. வெளியே தடுப்பு ஒன்று, உள்ளே மாற்றும் ஃபங்ஷன் ஒன்று எனப் பிரியுங்கள்.

கேள்வி: இதே தமிழ் எண் பயிற்சியைச் செய்தேன். வர வேண்டியதும் வந்ததும் திரையில் ஒரே மாதிரி இருக்கின்றன, ஆனாலும் டெஸ்ட் ஃபெயில் ஆகிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: எண்ணுக்குப் பதில் எழுத்தைத் தட்டச்சு செய்திருப்பீர்கள். ௧-உம் க-வும், ௨-உம் உ-வும், ௭-உம் எ-வும், ௮-உம் அ-வும், ௰-உம் ய-வும் பல எழுத்துருக்களில் இரட்டைப் பிள்ளைகள். கணினிக்கு அவை வேறு வேறு. இரண்டையும் பைத்தானின் 'ஆர்ட்' ஃபங்ஷனுக்குக் கொடுத்துப் பாருங்கள், அது ஒவ்வொரு குறியின் யூனிகோட் எண்ணைத் தரும்: ௧ என்றால் 3047 வரும், க என்றால் 2965. ௰, ௱, ௲ மூன்றும் 3056, 3057, 3058. ஒருமுறை சரிபார்த்த குறிகளை ஃபைலின் தலையில் வைத்துக்கொண்டு, அங்கிருந்தே நகலெடுங்கள். கோட்டிலும் டெஸ்டிலும் ஒரே தவறான எழுத்து இருந்தால் எல்லாம் பச்சையாகவே இருக்கும். டெஸ்ட் உங்களைக் காப்பாற்றாத இடம் அது. ஆகவே டெஸ்டில் இருக்கும் குறிகளையும் சரிபாருங்கள்.

கேள்வி: 1 முதல் 9 வரை ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட் வேண்டாமா?
– பயிற்சி மென்பொருளாளர், மதுரை

பதில்: கோட்டை முன்னேற்ற அத்தனை டெஸ்ட் தேவையில்லை. 1, 2 இரண்டும் போதும், 3 எழுதினால் எதுவும் மாறாது. டி.டி.டி. முறையைப் பரப்பிய கென்ட் பெக் பச்சைக்குப் போக மூன்று வழி சொல்கிறார்: விடையை அப்படியே எழுதிவைப்பது, இரண்டாவது உதாரணத்தால் நெருக்கிப் பொதுவிதிக்குத் தள்ளுவது, விடை வெளிப்படையாகத் தெரிந்தால் நேராக எழுதிவிடுவது. 1-க்கு முதல் வழி, 2-க்கு இரண்டாவது, 1000-க்கு மூன்றாவது. ஆனால் லிஸ்டில் இரண்டு குறிகள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க 9 வரை முழுதும் சோதிப்பது நல்லது. பைடெஸ்டின் 'பாராமெட்ரைஸ்' வசதியில் அது ஒரே டெஸ்டாக அடங்கும்.

கேள்வி: 10000-க்கு டெஸ்ட் எழுதினேன், கோட்டைத் தொடாமலே பச்சை வந்துவிட்டது. அப்படியே விட்டுவிடலாமா?
– வாசகி, கோலாலம்பூர்

பதில்: டெஸ்டை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சிவப்பாக ஒருமுறை பார்க்காமல் நம்ப வேண்டாம். முன்குறி உண்டாக்கும் இடத்தில் தமிழெண்ணை அழைப்பதற்குப் பதில், வேண்டுமென்றே குறிகள்[ஈவு] என்று மாற்றி ஓட்டுங்கள். ஈவு 10, லிஸ்ட் 9-உடன் முடிகிறது, ஆகவே இண்டெக்ஸ் பிழை வரும். டெஸ்ட் உயிரோடு இருக்கிறது. கோட்டைப் பழையபடி ஆக்கிவிடுங்கள். முன்குறியையும் அதே ஃபங்ஷனே உண்டாக்குவதால்தான் 10000 என்பது ௰௲ என்று தானாக வந்தது. 1,00,000 கொடுத்தால் ௱௲ வரும். நூறாயிரம் என்று நம் முன்னோர் சொன்னது அப்படியே குறியாக நிற்பதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும்.

கேள்வி: வேலைக்குப் போய்வந்து மாலையில்தான் நேரம். எவ்வளவு நேரம் ஒதுக்குவது? முடித்தபின் என்ன செய்வது?
– மென்பொருள் ஊழியர், கோவை

பதில்: 45 நிமிடம் போதும். பச்சை வரும்போதெல்லாம், கோட்டின் ஒவ்வொரு நிலையையும் சேமித்துவைக்கும் கிட்டில் (Git) கமிட் செய்யுங்கள். பத்து நிமிடமாகச் சிவப்பிலேயே நிற்கிறீர்கள் என்றால் அடி பெரிதாக வைத்துவிட்டீர்கள். திருத்திக்கொண்டே போகாமல் கடைசிப் பச்சைக்குத் திரும்பி, இன்னும் சிறிய டெஸ்ட் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முடித்ததும் கோட்டை அழித்துவிட்டு மறுநாள் வேறு வரிசையில் தொடங்குங்கள். மொழியையும் மாற்றலாம். ஜாவாஸ்கிரிப்டில் 20 / 10 சரியாக 2 வருவதால் டெஸ்ட் பச்சையாகும், 25-க்குத்தான் 2.5 வந்து 'அன்டிஃபைன்ட்' என்ற சொல் விடைக்குள் நுழையும். 20-ஐ மட்டும் சோதித்தவருக்கு இது தெரியாமலே போகும்.

மூன்றாம் நாள் எதிர்த்திசை: குறியிலிருந்து எண். இங்கே பைத்தானின் 'இன்ட்' ஃபங்ஷன் ஏமாற்றும். "௧௨" என்பதை 12 என்று அது சரியாகவே படிக்கும், "௰௨" கொடுத்தால் பிழை எழுப்பும். எனவே முதல் சில டெஸ்டுகளுக்குள்ளேயே ௰ வரும்படி பாருங்கள். இரண்டு ஃபங்ஷன்களும் தயாரானதும் 1 முதல் 9999 வரை ஒவ்வொரு எண்ணையும் குறியாக்கி, மறுபடி எண்ணாக்கி, புறப்பட்ட எண்ணே திரும்பி வருகிறதா என்று ஒரே சுற்றில் சோதியுங்கள்.