கந்தைத் துணி கொண்டுவந்த எபெத்மெலேக்கு

கேள்வி: பைபிளில், எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் சில வசனங்களில் மட்டும் வந்துபோகும் எபெத்மெலேக்குக்கு அப்படியென்ன முக்கியத்துவம்?

பதில்: எபெத்மெலேக்கு என்றால் ‘அரசனின் ஊழியன்’ என்று பொருள், ஆகவே அது இயற்பெயரா, பதவிப்பெயரா என்பதே விவாதத்துக்குரியது. அவர் யூதாவின் அரசன் சிதேக்கியாவின் அரண்மனையில் பணியாற்றிய எத்தியோப்பியர். எருசலேம் நகரை முற்றுகையிட்ட பாபிலோனியரிடம் சரணடையச் சொன்ன எரேமியாவைப் பிரபுக்கள் சேறு நிறைந்த துரவில் (கிணற்றில்) இறக்கிவிட்டபோது, அரசனே அவர்களை எதிர்க்க இயலாமல் கைவிரித்துவிட்டான். இந்த அந்நியரோ, பென்யமீன் வாசலில் அமர்ந்திருந்த அரசனிடம் நேராகச் சென்று, அவர்கள் செய்தது தீங்கு என்று முகத்துக்கு முன்பாகவே சொன்னார்.

அரசன் முப்பது பேரை அழைத்துச் செல்ல அனுமதித்தான். (ஒருவரைத் தூக்க முப்பது பேரா என்று ஐயுற்று, மூலத்தில் ‘மூன்று’ என்றே இருந்திருக்கும் எனக் கருதும் அறிஞர்கள் உண்டு.) என்னைக் கவர்வது அடுத்து வரும் சிறு செயல்தான்: பொக்கிஷ அறையின் கீழிருந்து கந்தைத் துணிகளைத் தேடியெடுத்து, கயிறு அறுக்காதபடி அக்குள்களில் வைத்துக்கொள்ளுமாறு சொல்லி, அவற்றைக் கயிற்றில் கட்டி அவர் இறக்கினார். அவசரத்திலும் வலியைப் பற்றி யோசித்த மனிதர்!

நகரம் வீழ்ந்தாலும் அவர் உயிர் தப்பும் என்ற வாக்குறுதி 39-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எரேமியாவின் எழுத்தரான பாரூக்குக்கும் 45-ஆம் அதிகாரத்தில் ஏறத்தாழ அதே சொற்களில் வாக்குறுதி தரப்படுவதால், நூல் இந்த அந்நியரைத் தீர்க்கதரிசியின் நெருங்கிய துணைவருக்கு இணையாகவே வைக்கிறது எனலாம்.