புளியமரத்தடியில் பூட்டிய வண்டி

கேள்வி (கருங்கலில் இருந்து ஒரு வாசகர்): வக்கீலம்மா, கல்லூரி ஸ்டாண்டில் இடம் இல்லாததால் என் மகன் வண்டியைப் புளியமரத்தடியில் விட்டிருக்கிறான். வாட்ச்மேன் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார். 500 ரூபாய் கட்டிய பிறகுதான் திறந்தார்கள். அமெரிக்காவில் வட கரோலினாவில் படிக்கும் என் அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். பார்க்கிங் அபராதத்தைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ள விட்ட மாநிலச் சட்டம் அரசியலமைப்புக்கு விரோதம் என்று அங்கே கோர்ட் சொல்லியிருக்கிறதாம். அப்படிப்பட்ட சட்டங்களைச் சட்டசபை ரத்து செய்தே ஆகவேண்டும் என்கிறாள். கோர்ட்டே செல்லாது என்ற பிறகு ரத்து எதற்கு? நம் ஊரில் என்ன நிலை?

பதில்: அக்கா மகள் சொன்னது சரிதான். தண்டனையாக வசூலாகும் பணம், வசூல் செலவு போக, பொதுப் பள்ளிகளுக்குச் சேரவேண்டும் என்று வட கரோலினா அரசியலமைப்பின் 9ஆம் பகுதி, 7ஆம் பிரிவு சொல்கிறது. பல்கலைக்கழகங்களோ மாநிலச் சட்டத்தைக் காட்டி பார்க்கிங் அபராதத்தைத் தங்களிடமே வைத்திருந்தன. பள்ளிக் கல்வி வாரியங்களின் சங்கம் வழக்குப் போட்டது. 2005இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் பள்ளிகள் பக்கம் தீர்ப்பளித்தது. அங்கே கேள்வி இதுதான்: வாங்கும் பணம் தண்டனையா, இல்லையா? வண்டி நிறுத்த பாஸ் வாங்குவது கட்டணம். தப்பான இடத்தில் விட்டதற்கு வாங்குவது தண்டனை. தண்டனைப் பணம் பள்ளிப் பிள்ளைகளுடையது.

கோர்ட் சொன்னால் போதாதா என்று கேட்கிறீர்கள். நம் மாவட்டத்துக்காரர் இதைக் கேட்கும்போது எனக்கு ஒரு அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

நான் தக்கலையில் ஜூனியராகச் சேர்ந்த புதிது. அப்பா சொத்தில் மகளுக்கும் சம பங்கு கேட்ட மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து சில மாதங்கள் இருக்கும். அறுபது வயதுக்கு மேல் இருந்த ஒரு அம்மா, பைபிள் உறைக்குள் நாலாக மடித்து வைத்திருந்த செய்தித்தாள் துண்டை எடுத்து மேஜையில் விரித்தார். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தே போயிருந்தது. "இது எனக்கும் பொருந்துமா மக்களே?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான். 1951இலேயே, பழைய சமஸ்தானங்களாக இருந்த 'பி பிரிவு' மாநிலங்களுக்கான மத்தியச் சட்டம் வந்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தை இங்கே கொண்டுவந்துவிட்டது. அதனாலேயே பழைய சட்டம் ரத்தாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1986இல். நடுவில் 35 வருஷம்! அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி யாரும் ரத்து என்று எழுதவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இரண்டு விதமாகத் தீர்ப்பு வந்தது. குமரி மாவட்டம் 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் வீடுகளில் பாகம் பிரித்தது பழைய கணக்கில்தான். அந்த அம்மாவின் அப்பா இறந்தது 1958இல். சட்டம் இவர் பக்கம் இருந்த காலம் முழுக்க இவருக்கு அது தெரியாது. அண்ணன்மார்கள் தோப்பை விற்று, வாங்கியவர்களும் விற்றுவிட்டார்கள். என் சீனியர் வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

அதனால்தான் சொல்கிறேன், பெயரும் எண்ணும் போட்டு நீக்காத சட்டம் நடமாடிக்கொண்டுதான் இருக்கும். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைப் பாருங்கள். 2015 மார்ச் 24 அன்று செல்லாது என்றார்கள். அப்புறமும் ஸ்டேஷன்களில் அதில் வழக்குப் பதிந்தார்கள். 2022இல் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. கையில் ரசீதுப் புத்தகத்தோடு நிற்கிறவர் தீர்ப்புத் தொகுப்பா படிக்கிறார்? அவருக்கு மேலே இருந்து வந்த விதிதான் சட்டம்.

சரி, உங்கள் மகன் விஷயத்துக்கு வருவோம். அபராதப் பணம் பள்ளிகளுக்குப் போகவேண்டும் என்ற பிரிவு நம் அரசியலமைப்பில் இல்லை. ஆகவே வட கரோலினா தீர்ப்பைக் காட்டி இங்கே வாதாட முடியாது. ஆனால் சட்டத்தால் உருவான ஒரு அமைப்பு கட்டணம் வாங்க வேண்டுமானால், அந்த அதிகாரம் சட்டத்தில் வெளிப்படையாக இருக்கவேண்டும், ஊகித்துக்கொள்ளக் கூடாது என்று 1992இல் அகமதாபாத் நகர் வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கட்டணத்துக்கே அப்படி என்றால், தண்டனைக்கு அந்த அதிகாரம் எங்கே என்று கேட்காமல் இருக்க முடியுமா? வண்டியை ஒழுங்காக விடச் சொல்லவும், மீறினால் நடவடிக்கை எடுக்கவும் நிர்வாகத்துக்கு உரிமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 500 ரூபாய் எந்த விதிப்படி, யார் போட்ட தீர்மானம் என்று காட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு. நோட்டீஸ் போர்டில் ஒட்டிய சுற்றறிக்கை சட்டம் ஆகாது.

அரசுக் கல்லூரி என்றாலும் அரசு உதவி பெறும் கல்லூரி என்றாலும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், காரணம் சொல்லவேண்டியதில்லை, 30 நாளில் பதில் தரவேண்டும். விதியின் நகல், மூன்று வருட வசூல், பணம் எந்தக் கணக்கில் போகிறது, இந்த மூன்றையும் கேளுங்கள். நீங்கள் அனுப்பிய ரசீதில் 'இதர வரவு' என்று மட்டும்தான் இருக்கிறது. 'அபராதம்' என்று எழுதக்கூட அவர்களுக்குத் துணிவு வரவில்லை. விதியே இல்லை என்று பதில் வந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். விதி இருந்து, அதற்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை என்றால், அதன் எண்ணைக் குறிப்பிட்டு நீக்கச் சொல்லி நிர்வாகக் குழுவுக்கும், திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகச் சிண்டிகேட்டுக்கும் எழுதுங்கள். 'இனிமேல் வாங்கமாட்டோம்' என்று வாயால் சொன்னால் விட்டுவிடாதீர்கள், தீர்மான நகலைக் கேளுங்கள்.

அந்த ரசீது கார்பன் பிரதி, மங்கிவிடலாம். இன்றைக்கே இரண்டு நகல் எடுத்து வையுங்கள்.