கருஞ்சீரக எண்ணெய் குடித்தால் மெற்போமினை விடலாமா?

உங்கள் உம்மாவுக்குச் சீனி வருத்தம். இன்சுலின் சுரக்கிறதாம், உடம்புதான் அதை ஏற்றுக்கொள்ளவில்லையாம். கருஞ்சீரக எண்ணெய், கறுவா, வெந்தயம் கொடுத்து, சீனிக்குப் போடுகிற மெற்போமின் குளிசையை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்தைப் பார்த்தால் நீங்கள் கட்டாரிலோ சவூதியிலோ இருந்து கேட்கிற மகன் போலத் தெரிகிறது. பிழையென்றால் கோபிக்க வேண்டாம்.

குளிசையில் கை வைக்காதீர்கள். மற்றதெல்லாம் கறியில் போகட்டும்.

நான் டாக்டர் இல்லை. இலங்கையின் கிழக்கே அக்கரைப்பற்றில் உம்மாவை வைத்துப் பார்க்கிற மகள். எங்கள் பக்கத்தில் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான், உம்மா வாப்பாவும் மகளோடுதான். அதனால் கிளினிக் கொப்பி என் கையில், ஆலோசனை தம்பியின் வாயில். ஏதாவது சொன்னால் "வீடு உனக்குத்தானே தந்த" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவான். கல்யாணத்தோடு எழுதித் தந்த வீட்டுக்கு இன்னும் எத்தனை வருசம் வாடகை கட்டுவதோ!

அவன் ஒரு தடவை கருஞ்சீரக எண்ணெய்ப் போத்தல் அனுப்பினான். கூடவே வொய்ஸ் மெசேஜ்: விடிய வெறுவயிற்றில் ஒரு மேசைக்கரண்டி, பிறகு வெந்தயம் ஊறிய தண்ணீர், பத்து மணி வரைக்கும் சாப்பாடு கூடாது. மகன் சொன்னால் உம்மாவுக்கு மறுபேச்சு இல்லை. கிளினிக்கில் கொடுத்த காலைக் குளிசையையும் வழக்கம்போல் போட்டிருக்கிறார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். "மகள், கை நடுங்குது" என்று வந்து நின்றார். சட்டையெல்லாம் வேர்வை. விரலில் குத்திப் பார்த்தால் சீனி 52. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பக் குத்திப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இதைக் கேட்டுவிட்டுத் தம்பி சொன்னது: "பாத்தியா, எண்ணெய் வேலை செய்யுது!"

இறக்கியது எண்ணெய் இல்லை. உம்மா மெற்போமினோடு கிளிக்கிளசைட் என்ற இன்னொரு சீனிக் குளிசையும் போடுகிறவர். அது, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சதையியை இன்சுலின் சுரக்க வைக்கும். அதைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சீனி விழத்தான் செய்யும். மெற்போமின் மட்டும் போடுகிறவர்களுக்கு இப்படி விழுவது அரிது. உங்கள் உம்மா வேறு என்ன குளிசை போடுகிறார் என்று தெரியுமா?

சரி, இந்தச் சாமான்களில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. வெந்தயம் ஊறினால் வழுவழுவென்று வருகிறதே, அந்த நார் குடலில் சீனி ஏறும் வேகத்தைக் குறைக்கும். குளிசையையும் அப்படிப் பிந்த வைக்கலாம், ஆகவே இரண்டுக்கும் இடைவெளி விடுங்கள். கறுவாவுக்கு இவ்வளவு பேர் வந்தது 2003இல் பாகிஸ்தானில் 60 பேரை வைத்துச் செய்த ஆய்வால். ஒரு கிராம் முதல் ஆறு கிராம் வரை 40 நாள் கொடுத்தார்கள், சீனி குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகள் அப்படி ஒத்துவரவில்லை. வெளிநாட்டில் வாங்குவதென்றால் பட்டையைப் பார்த்து வாங்குங்கள். நம் கறுவா மெல்லிய ஏடு ஏடாகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுங்கும். தடித்து ஒரே சுருளாக இருப்பது கசியா என்ற வேறு வகை. அதில் கூமரின் என்ற ஒரு பொருள் அதிகம், நாள்பட நிறையத் தின்றால் ஈரலுக்குக் கூடாது. கருஞ்சீரக எண்ணெயிலும் சிறிய ஆய்வுகளில் கொஞ்சம் பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் அதுவும் எண்ணெய்தான், ஒரு தேக்கரண்டியில் 40 கலோரி.

கருஞ்சீரகம் மருந்தென்று ஹதீஸில் வந்ததையா மறுக்கிறாய் என்று யாரும் வரவேண்டாம். மறுக்கவில்லை, எங்கள் வீட்டிலும் கருஞ்சீரகம் இருக்கிறது. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று சொன்னதும் அதே நபிதான். இயற்கைதான் நல்லது என்பவர்களுக்கும் ஒன்று: மெற்போமினின் கதை தொடங்கியதே ஐரோப்பாவில் சீனி வருத்தத்துக்குக் கொடுத்துவந்த கலேகா என்ற செடியில்தான். அந்தச் செடியின் சத்தில் நஞ்சு இருந்ததால் அதைப் போன்ற ஒன்றைச் செய்தெடுத்தார்கள். 1957இல் பிரான்சில் ஜோன் ஸ்டேர்ன் என்ற டாக்டர் மெற்போமினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார்.

எங்கள் உம்மாவுக்குச் சீனி இறங்கியது சோற்றைக் குறைத்த பிறகு. வயல்காரக் குடும்பம், சோறு தின்னாத நாள் பட்டினி நாள் என்று வளர்ந்தவர். பகலைக்குக் கோப்பையில் பாதியை முருங்கையிலைச் சுண்டலும் பயற்றங்காயும் பிடித்துக்கொள்ளும்படி செய்ய எனக்குப் பெரும்பாடு. அசருக்குப் பிறகு வளவைச் சுற்றி நடப்பார், பக்கத்து வீட்டு மாமியும் வந்தால் கூடுதலாக நடப்பார். அந்தப் போத்தலும் வீண்போகவில்லை, கத்தரிக்காய்ப் பிரட்டலுக்குக் கடைசியில் ஒரு சொட்டு விடுகிறேன்.

அடுத்த பார்சலுக்கு வைத்திருக்கிற காசில் உம்மாவுக்கு எச்பிஏ1சி சோதனை ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். கடந்த மூன்று மாதமும் சீனி எப்படி இருந்தது என்று அதில் தெரியும். மிச்சத்தைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்குத் திரீவீல் காசாகக் கொடுங்கள். அநேகமாக அது உங்கள் தங்கச்சியாகத்தான் இருக்கும்.